கேட்டு வாங்குங்கள்: ரிக்குகியேன் பூங்காவும் பன்னிரண்டு வெள்ளிக்கு ஒரு விளக்குச் சரமும்

இந்த மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைப் பற்றியவை: தோக்கியோவில் உள்ள ரிக்குகியேன் பூங்கா, அங்கே மாலையில் மேப்பிள் மரங்களுக்கு விளக்குப் போடும் இலையுதிர்காலக் காட்சி. ஏதோ ஓர் ஏஜெண்ட் நம் ஊரில் நன்றாகவே வலை வீசியிருக்கிறார்.

கேள்வி: தீபாவளி விடுமுறையில் ஐந்து நாள் தோக்கியோ பயணம். ஒருவருக்கு 5,800 வெள்ளி (ரிங்கிட்). இரண்டாம் நாள் மாலை 6 மணிக்கு ரிக்குகியேன் பூங்காவில் "இலையுதிர்கால ஒளி விழா" என்று பயணத்திட்டத்தில் உள்ளது. அனுப்பிய படத்தையும் இணைத்துள்ளேன். நம்பிப் பணம் கட்டலாமா?
— வாசகி, எல்பில் தோட்டம்

பதில்: கட்டாதீர்கள் அம்மா.

அந்தப் படத்தில் இருப்பது இளஞ்சிவப்புப் பூ கொட்டும் தொங்கு செர்ரி மரம். அந்தப் பூங்காவின் வாசலருகே நிற்கும் பேர்பெற்ற மரம்தான், பொய்யில்லை. ஆனால் அது பூப்பது மார்ச் கடைசியில். இலையுதிர்காலத்தில் அந்த மரத்தில் பூவைத் தேடினால் கிளைதான் கிடைக்கும். வசந்தகாலப் படத்தைக் காட்டி இலையுதிர்காலப் பயணம் விற்கிறவர், ஒன்று அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை, அல்லது நீங்கள் பார்த்ததில்லை என்று தெரிந்தவர்.

அடுத்தது தேதி. தோக்கியோவில் மேப்பிள் இலை சிவப்பது நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரை. விளக்குக் காட்சியையும் அதை ஒட்டித்தான் வைப்பார்கள். நம் தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வந்துவிடும். அந்த நேரத்தில் போனால் இலை பச்சையாகவே இருக்கும், விளக்கும் இருக்காது. பூங்கா சாதாரண நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை. உள்ளே விடுவது 4.30 வரைதான். உங்கள் பேருந்து 6 மணிக்குப் போய் நிற்பது பூட்டிய கதவின் முன்னால்.

பூங்கா நல்ல பூங்கா, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1702இல் யானாகிசாவா யோஷியாசு என்ற பிரபு அமைத்தது. நடுவில் குளம், குளத்தைச் சுற்றி நடைபாதை, ஏறிப் பார்க்க ஒரு செயற்கைக் குன்று. பின்னாளில் மிட்சுபிஷி நிறுவனர் இவாசாகி யாத்தாரோ வாங்கினார். 1938இல் அந்தக் குடும்பம் நகரத்துக்குக் கொடுத்துவிட்டது. கொமாகோமே ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். போக வேண்டிய இடம்தான், போகும் தேதிதான் தவறு.

பயணத்தை நவம்பர் கடைசி வாரத்துக்கு மாற்ற ஏஜெண்ட் ஒப்புக்கொண்டால், மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: எந்தத் தேதி மாலை, இரவுக் காட்சிக்கான சீட்டு கட்டணத்தில் சேர்ந்ததா, அன்று காட்சி இல்லை என்றால் எவ்வளவு திரும்பும். அந்த ஆண்டின் தேதியைப் பூங்கா நிர்வாகம் அறிவிக்கும் முன்பே உறுதி சொல்கிறவர் வெறும் ஊகத்தைத்தான் விற்கிறார். "நிகழ்ச்சிகள் மாற்றத்துக்கு உட்பட்டவை" என்ற பொடி எழுத்து வரி படிவத்தில் இருந்தால், மேலே உள்ள மூன்றும் அதற்கு விதிவிலக்கு என்று பேனாவால் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: அதே பயணத்துக்கு 2,400 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டேன். ஏஜெண்ட் சொன்னபடி ஒரு பெண்ணின் சொந்தக் கணக்கில் போட்டேன். நேற்றிலிருந்து அவர் எண் கிடைக்கவில்லை. மரம் சீவிச் சேர்த்த சேமநிதிப் பணம் ஐயா.
— வாசகர், லாசா சாலை

பதில்: ஐயா, உங்களைத் திட்ட நிறையப் பேர் இருப்பார்கள். நான் திட்டப் போவதில்லை. ஏமாற்றியவர் தொழிலாக ஏமாற்றுகிறார், நீங்கள் வாழ்க்கையில் ஒரே முறை பயணம் போக நினைத்தீர்கள்.

இதைப் படித்து முடிக்கும் முன் 997க்கு அழையுங்கள். தேசிய மோசடி உதவி மையம் அது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுக்கப் பார்ப்பார்கள். நேற்றே அழைத்திருந்தால் இன்னும் நல்லது, ஆனாலும் இன்று அழையுங்கள். கையோடு உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பிறகு போலீஸ் புகார். வாட்ஸ்அப் உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். முழுவதையும் ஏற்றுமதி செய்து அச்சடியுங்கள். பணம் போட்ட ரசீது, கணக்கு எண், அனுப்பிய படம், குரல் பதிவு எல்லாமே சான்று. "பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது வருவார்கள். அவர்கள் இரண்டாவது கொள்ளைக்காரர்கள்.

ஏஜெண்டுக்குப் பதிவு செய்த நிறுவனமும் முகவரியும் இருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு, நம்மவர்கள் "திரிபுனல்" என்பதற்கு, போகலாம். முதலாம் பாரம், 5 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்து 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். வக்கீல் வைக்கத் தேவையில்லை, எதிர்த்தரப்பும் வைக்க முடியாது. தீர்ப்பை மதிக்காமல் இருப்பது குற்றம். ஆனால் பெயரும் முகவரியும் இல்லாத ஆள் மீது வழக்குப் போட முடியாது. அப்படியென்றால் போலீஸ் வழி ஒன்றுதான்.

மற்றவர்களுக்கு: சுற்றுப்பயணம் விற்கச் சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம். உரிம எண்ணைக் கேளுங்கள், அமைச்சின் பட்டியலில் பாருங்கள், உரிமத்தில் உள்ள அதே நிறுவனப் பெயரில் இருக்கும் கணக்கில் மட்டும் பணம் போடுங்கள். அக்காள் கணக்கு, கணக்குப்பிள்ளை கணக்கு எதுவும் கூடாது.

கேள்வி: பூங்கா நுழைவுக்குத் தனியாக 120 வெள்ளி கேட்கிறார்கள். நியாயமா?
— சலாக்

பதில்: இல்லை. பகல் நுழைவு 300 யென், நம் காசில் பத்து வெள்ளிக்குள். இரவுக் காட்சிச் சீட்டு அதைவிடக் கூடுதல்தான், ஆனால் 120ஐ எந்தக் கணக்கிலும் தொடாது.

கேள்வி: விளக்குக் காட்சியைப் படமெடுக்க முக்காலி வாங்கலாமா? எது நல்லது?

பதில்: வாங்காதீர்கள். உள்ளே விரிக்க விடமாட்டார்கள்.

கேள்வி: நாணய மாற்றுக் கடையில் பழைய 10,000 யென் நோட்டுகளைத் தந்துவிட்டார்கள். புதிய நோட்டு வந்துவிட்டதாமே, ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை. 2024 ஜூலையில் புதிய நோட்டு வந்தது, பழையதும் செல்லும். சில பழைய சீட்டு இயந்திரங்கள் புதியதைத்தான் ஏற்காமல் துப்பும்.

கேள்வி: இரவு முழுக்க வீடியோ எடுக்க 50,000 மில்லி ஆம்பியர்-மணி பவர்பேங்க் ஒன்றை இணையத்தில் 29 வெள்ளிக்கு வாங்கினேன். ஒரு தடவைகூட போன் முழுதாக நிறையவில்லை. இதை விமானத்தில் விடுவார்களா?
— இளைஞர், சுங்கை சிப்புட் நகர்

பதில்: தம்பி, 29 வெள்ளிக்கு 50,000 என்று படித்தபோது கை நின்றிருக்க வேண்டும்.

கணக்கு எளிது. அந்த எண்ணை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் வாட்-மணி வரும். உங்களுடையது 185. விமானத்தில் 100 வரை கேள்வியில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160க்கு மேல் கிடையாது. ஆக, அட்டையில் எழுதியது உண்மையானால் பவர்பேங்க் விமானம் ஏறாது. பொய்யானால் போனில் சார்ஜ் ஏறாது. இரண்டு வழியிலும் 29 வெள்ளி போச்சு. 20,000 என்றால் 74 வாட்-மணி, அது போதும். கையில் தூக்கிப் பாருங்கள்: உண்மையான 20,000 முந்நூறு நானூறு கிராமாவது இருக்கும். அட்டைப் பெட்டி போல லேசாக இருந்தால் உள்ளே காற்று. கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது.

கேள்வி: போன வருடம் தோக்கியோவில் அழகான அலங்கார விளக்கு வாங்கி வந்தேன். வீட்டில் போட்ட அடுத்த நொடி "டப்" என்று போய்விட்டது. கடைக்காரரிடம் பணம் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: முடியாது. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. விளக்கில் தவறில்லை. வாங்குமுன் அடாப்டரைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள்: "100–240" என்று இருந்தால் இங்கே ஓடும், "100" மட்டும் இருந்தால் ஓடாது. இதைப் படிக்காமல் வாங்கிய ஜப்பான் ரைஸ் குக்கர் ஒன்று என் அடுக்களைப் பரணிலும் இருக்கிறது.

கேள்வி: ஜப்பான் போக வசதியில்லை. அந்தப் பூங்கா மாதிரி வீட்டு முன்னால் இருக்கும் ரம்புத்தான் மரத்துக்கு விளக்குப் போட ஆசை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 10 மீட்டர் சரம் 12 வெள்ளி, "வாட்டர்ப்ரூப்" என்று போட்டிருக்கிறது. எத்தனை வாங்க வேண்டும்? பிளக்கில் இரண்டு முள்தான் இருக்கிறது.
— இல்லத்தரசி, தாமான் வாசி

பதில்: எண்ணிக்கைக்கு முன்னால் அந்த இரண்டு முள்ளைப் பேசவேண்டும் அம்மா. வருடா வருடம் சொல்கிறேன், வருடா வருடம் யாரும் கேட்பதில்லை.

நம் வீடுகளில் நடப்பது இதுதான். சுவிட்ச் பலகையின் மேல் துளையில் ஒரு சாவியையோ பேனா முனையையோ சாப்ஸ்டிக்கையோ செருகிக்கொண்டு, கீழே இரண்டு முள் பிளக்கை அழுத்துவது. பத்து வயதுப் பையன்கூட இதைச் செய்கிறான், அப்பா பார்த்துக்கொண்டு நிற்கிறார். மேல் துளை மண்ணிணைப்புக்கானது. மூன்று முள் பிளக்கின் நீண்ட முள் அங்கே முதலில் நுழைந்து, கீழே மின்சாரம் வரும் உயிர்முனையை மூடியிருக்கும் கதவைத் திறக்கும். குழந்தை விரலையோ கம்பியையோ விடாமல் இருக்கத்தான் அந்தக் கதவு. நாம் சாவி போட்டு அதைத் திறக்கிறோம். பிறகு உருண்டை முள் சதுரத் துளையில் தொளதொளவென்று நிற்கிறது. தொடர்பு சரியில்லாத இடத்தில் பொறி பறக்கும், சூடேறும். பலகையின் துளையைச் சுற்றிப் பழுப்பாகக் கருகிய வட்டம் தெரிகிறதா என்று இன்றே பாருங்கள். தெரிந்தால் பலகையை மாற்றுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஃபியூஸ். மூன்று முள் பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிறது, இரண்டு முள்ளில் இல்லை. சரத்தில் கம்பி தலைமுடி பருமன். மழைநீர் புகுந்து எங்காவது ஒட்டிக்கொண்டால், வீட்டு மின்பெட்டியில் இருக்கும் பெரிய தானியங்கிச் சுவிட்ச் விழும் முன்பே கம்பி உருகிவிடும். பிளக், அடாப்டர் இரண்டிலும் நம் நாட்டுத் தரச்சோதனை நிறுவனமான சிரிம் முத்திரை இருக்கும் பொருளாகப் பார்த்து வாங்குங்கள்.

"வாட்டர்ப்ரூப்" என்ற சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை. தூசியையும் நீரையும் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபி எண்ணைத் தேடுங்கள். இரண்டாம் இலக்கம்தான் தண்ணீர்: 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், 5 என்றால் பீய்ச்சும் நீரை, 7 என்றால் சிறிது நேரம் மூழ்கினாலும் தாங்கும். சரத்தில் ஐபி 44 இருக்கும், அதே பெட்டியில் வரும் அடாப்டரில் ஐபி 20 இருக்கும். அதாவது மழையே படக்கூடாது. தீபாவளி நேரத்தில் பேராக் மாலை மழை தெரியாததா? அடாப்டரைக் கூரைக்குள் வையுங்கள், தரையில் கிடத்தாதீர்கள், கம்பியை அடாப்டருக்குக் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே கொண்டுவாருங்கள். நீர் வளைவில் சொட்டிவிடும். சுருள் எக்ஸ்டென்ஷன் என்றால் முழுவதையும் அவிழ்த்துவிடுங்கள், சுருண்டு கிடந்தால் சூடாகும். மின்பெட்டியில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் விளக்கு வாங்கும் காசில் வயர்மேனைக் கூப்பிடுங்கள். மழையில் அடிக்கடி விழுகிறது என்று அதை நேராக இணைத்துவிடும் வயர்மேனும் இருக்கிறார், அவரைக் கூப்பிடாதீர்கள்.

இப்போது எண்ணிக்கை. அடிமரம் சுற்றளவு 60 சென்டிமீட்டர், ஒன்றரை மீட்டர் உயரம், சுற்றுக்குச் சுற்று 5 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 30 சுற்று, 18 மீட்டர். ஆக இரண்டு சரம். ஆணி அடிக்காதீர்கள், தளர்வாகக் கட்டுங்கள்.

ஆனால் ரிக்குகியேன் மாதிரி வேண்டுமென்றால் சரமே தவறு. அங்கே விளக்கைத் தரையில், செடி மறைவில் வைத்துக் கீழிருந்து மேலே அடிக்கிறார்கள். விளக்கு தெரியாது, இலை மட்டும் தெரியும். 10 வாட் எல்இடி ஃபிளட்லைட் ஒன்று போதும். ஐபி 65, மூன்று முள் பிளக், நிறம் 3,000 கெல்வின், அதாவது மஞ்சள் வெளிச்சம். கடையில் வெள்ளை வெளிச்சத்தைத்தான் கையில் திணிப்பார்கள். 6,500 கெல்வினில் உங்கள் மரம் மருத்துவமனை வராந்தா மாதிரி இருக்கும். மரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, பக்கத்து வீட்டுச் சன்னலில் அடிக்காதபடி சாய்த்து வையுங்கள்.

கேள்வி: குளிருக்குக் கோட்டு எங்கே வாங்குவது? 400 வெள்ளி சொல்கிறார்கள்.

பதில்: நவம்பர் கடைசியில் தோக்கியோ மாலை ஏறத்தாழ 10 பாகைதான், பனிக்கோட்டு வேண்டாம். ஈப்போவில் பழைய துணி விற்கும் பண்டல் கடையில் பாருங்கள். ஜிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள், தையலை அழுத்தி இறகு வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு செலவு எதற்கு? நம் பக்கத்திலேயே மாலையில் போக ஒரு பழைய பூங்கா சொல்லுங்கள்.
— ஹீவுட் தோட்டம்

பதில்: தைப்பிங் ஏரிப் பூங்கா. ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் நின்று ஆன ஏரிகள், 1880களிலிருந்து பூங்கா. கட்டணமில்லை. ஐந்து மணிவாக்கில் போனால் ஏரி மேல் சாய்ந்து நிற்கும் மழைமரங்கள் இலை மூடுவதைப் பார்க்கலாம். நாட்டிலேயே அதிகம் மழை கொட்டும் ஊர்களில் ஒன்று அது. குடை கொண்டு போங்கள். வழியில் 5 வெள்ளிக்கு விற்கும் மடக்குக் குடையை வாங்காதீர்கள்.