ஸ்டென்ட் கணக்கு: கேட்கும் விதத்தில் கேட்டால் கிடைக்கும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓர் ஆண்டில் எத்தனை பேருக்கு ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பில் வைக்கும் வலைக்குழாய்) வைத்தார்கள், அதில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் ஓர் அரசு மருத்துவமனைக்குத் தகவல் உரிமை மனுப் போட்டோம். 'கோரியவாறு தகவல் பராமரிக்கப்படவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்துவிட்டது. மனுவில் என்ன கோளாறு?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: நீங்கள் அனுப்பிய மனு நகலில் இரண்டாவது கேள்வி, 'ஸ்டென்ட் வைத்தும் ஏன் இறப்பு நிகழ்கிறது?' என்பது. இதற்கு எந்தப் பதிவேட்டிலும் விடை இருக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் பதிவைத்தான் தரச் சொல்கிறது. 'ஏன்', 'சரியா', 'போதுமா' என்று தொடங்கும் கேள்விகளைத் தகவல் அலுவலர் தள்ளிவிடலாம். அதோடு சேர்த்து மற்றக் கேள்விகளையும் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது.

எந்த நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். ஸ்டென்ட் வைக்கும் கூடமான கேத் லேபில் பொதுவாக ஒரு சிகிச்சைப் பதிவேடு இருக்கும். தேதி, உள்நோயாளி எண், வயது, ஆணா பெண்ணா, ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாயைப் படமெடுத்துப் பார்ப்பது) மட்டுமா ஆஞ்சியோபிளாஸ்டியும் (பலூனால் அடைப்பைத் திறப்பது) சேர்த்தா, எந்த ரத்தக்குழாய் என்று வரிசையாகப் பதிந்திருப்பார்கள். தனியாக ஸ்டென்ட் இருப்புப் பதிவேடு உண்டு: வந்தது, பயன்பட்டது, காலாவதியானது, மீதி. இறப்புக் கணக்கு இந்த இரண்டிலும் முழுமையாக இருக்காது. அது வார்டிலும் மருத்துவ ஆவணப் பிரிவிலும் இருக்கும்.

எண்ணிக்கையில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். நோயாளிகள் எத்தனை பேர், செய்த ஆஞ்சியோபிளாஸ்டி எத்தனை, வைத்த ஸ்டென்ட் எத்தனை என்பவை மூன்றும் வெவ்வேறு எண்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு ஸ்டென்ட் வைப்பதுண்டு. அவரே இன்னொரு குழாய்க்காகச் சில வாரம் கழித்து மறுபடி அட்மிட் ஆவதுண்டு. 'எத்தனை ஸ்டென்ட் கேஸ்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் எந்த எண் வேண்டுமானாலும் வரும். அடுத்த ஆண்டு வேறொரு எழுத்தர் வேறு விதமாக எண்ணித் தருவார். கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடவே முடியாது.

மனுவை இப்படி எழுதலாம்: '1.4.2024 முதல் 31.3.2025 வரை, மாதவாரியாக: (அ) செய்யப்பட்ட ஆஞ்சியோகிராம் எண்ணிக்கை, (ஆ) ஆஞ்சியோபிளாஸ்டி எண்ணிக்கை, அதில் மாரடைப்பு நேரத்தில் அவசரமாகச் செய்தவை எத்தனை, (இ) பொருத்தப்பட்ட ஸ்டென்ட் எண்ணிக்கை, மருந்து பூசியவை தனி, பூசாதவை தனி, (ஈ) ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்களில் அதே அனுமதியின்போது இறந்தவர்கள் எண்ணிக்கை. தொகுத்த பட்டியல் இல்லையெனில், பெயர், முகவரி, உள்நோயாளி எண் ஆகியவற்றை மறைத்துப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல் தருக. அல்லது பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி தருக.' கடைசி வாக்கியம் முக்கியம். 'பராமரிக்கப்படவில்லை' என்று தப்பிக்கும் வழியை அடைப்பது அதுதான். நிதியாண்டா, காலண்டர் ஆண்டா என்பதையும் தேதி போட்டே சொல்லுங்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு என்றால் 'பொதுத் தகவல் அலுவலர்' என்று பதவிப் பெயரிட்டு மருத்துவமனை முகவரிக்கு அனுப்பினால் போதும். அதிகாரியின் பெயர் தேவையில்லை, ஆளும் மாறிக்கொண்டிருப்பார். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டாம். 6(2) பிரிவின்படி அதைக் கேட்கவும் கூடாது. சங்கத்தின் லெட்டர்பேடில் அனுப்பாமல் ஒருவர் தம் பெயரில் அனுப்புவது நல்லது. சட்டம் உரிமை தருவது குடிமகனுக்கு. 'சங்கம் குடிமகன் அல்ல' என்று திருப்பி அனுப்பிய கதைகள் உண்டு.

நகல் கட்டணம் ஏ4 பக்கத்துக்கு 2 ரூபாய். கட்டணம் கேட்டு அவர்கள் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் வரையிலான நாட்கள், பதில் தர வேண்டிய 30 நாள் கெடுவில் சேராது. எனவே உடனே கட்டிவிடுங்கள். கெடு தாண்டித் தந்தால் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வைக்கப்படும் ஸ்டென்ட்டுக்கு எவ்வளவு பணம் போகிறது என்பதையும் மருத்துவமனையிலேயே கேட்கலாமா?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த தொகையை அங்கே கேட்கலாம். மாவட்டம் முழுமைக்குமான கணக்கு வேண்டுமென்றால் திட்டத்தை நடத்தும் தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் அலுவலகத்திடம், சென்னையில் கேட்க வேண்டும். இதில் ஒரு வசதியும் உண்டு. தனியார் மருத்துவமனை தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வராது. ஆனால் காப்பீட்டுத் தொகை கேட்டு அது அரசிடம் கொடுத்த விவரம் அரசு ஆவணம். 'சேலம் மாவட்டத்தில் மருத்துவமனை வாரியாக, ஆஞ்சியோபிளாஸ்டிக்கு ஒப்புதல் தரப்பட்ட எண்ணிக்கை, மறுக்கப்பட்ட எண்ணிக்கை, வழங்கிய தொகை' என்று கேளுங்கள். மறுக்கப்பட்டதை யாரும் கேட்பதில்லை, விஷயம் அதில்தான் இருக்கிறது.

இதே விவரத்தைத் திட்டத்தின் காப்பீட்டு நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸிடம் கேட்பதானால் அது மத்திய அரசு நிறுவனம். அங்கே கட்டண வில்லை செல்லாது, 10 ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர் எடுக்க வேண்டும். இரண்டாம் மேல்முறையீடும் டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையத்துக்குத்தான் போகும்.

கேள்வி: ஏற்காடு மலைக் கிராமங்களில் ஸ்டென்ட் வைத்தவர்களை ஒருங்கிணைத்து, மாத்திரையை விடாமல் சாப்பிட வைக்க ஒரு குழு அமைக்கிறோம். அவர்களின் பெயர், ஊர், செல் நம்பரை மருத்துவமனை தர மறுக்கிறது. நல்ல நோக்கம்தானே?
– வாசகர், ஏற்காடு

பதில்: நோக்கம் நல்லதுதான். ஆனால் மறுத்ததும் சரிதான். 8(1)(ஜெ) பிரிவு தனிநபர் விவரத்துக்கு விலக்கு தருகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் செய்த திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின் இந்த விலக்கு முன்பைவிட இறுகிவிட்டது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனாலும் ஒருவரின் இதய நோயை அடுத்த வீட்டுக்குச் சொல்ல அது போதாது.

பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும் என்பதை மலையில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். 'நாகலூர், பெண், 52 வயது, மார்ச் மாதம்' என்றால் டீக்கடையில் யாரென்று சொல்லிவிடுவார்கள். கிராமவாரியாகக் கேட்காமல் ஏற்காடு தாலுகா மொத்தத்துக்கும், பத்துப் பத்து வயதுப் பிரிவாக, ஆண்டுக் கணக்காகக் கேளுங்கள். ஆட்களைச் சேர்க்க வேறு வழி இருக்கிறது: உங்கள் குழுவின் எண்ணை எழுதிய தாளை டிஸ்சார்ஜ் சமயத்தில் நோயாளியிடம் கொடுக்கச் சொல்லி மருத்துவமனையிடம் அனுமதி கேளுங்கள். விருப்பம் இருப்பவர்கள் தாமே கூப்பிடட்டும்.

மலைக்கு உண்மையில் பயன்படும் தகவல் நேரக் கணக்கு. மாரடைப்பில் அடைபட்ட குழாயைத் திறக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறது. மருத்துவமனை வாசலில் நுழைந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் பலூன் விரிக்க வேண்டும் என்பது பொது இலக்கு. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவருக்கு அந்த 90 தொடங்குவதே கீழே வந்த பிறகுதான். ஆகவே 108 ஆம்புலன்சுக்கு அழைப்பு வந்த நேரம், வண்டி சேர்ந்த நேரம், மருத்துவமனையில் இறக்கிய நேரம் ஆகியவற்றை நெஞ்சுவலி அழைப்புகளுக்கு மட்டும், பெயரில்லாமல் கேளுங்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையில் எத்தனை பேருக்கு ஈசிஜி எடுத்துக் கீழே அனுப்பினார்கள் என்பதையும், 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல்கட்ட மாத்திரை கொடுத்த எண்ணிக்கையையும் சேர்த்துக் கேட்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது தந்த காகிதங்கள் தொலைந்துவிட்டன. இப்போது எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், ஸ்டென்ட் விவரம் கேட்கிறார்கள்.
– வாசகி, ஓமலூர்

பதில்: இதற்குத் தகவல் உரிமை மனுவெல்லாம் வேண்டாம். அப்பா கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், தெரிந்தால் உள்நோயாளி எண், தெரியாவிட்டால் அட்மிட் ஆன தேதி ஆகியவற்றோடு மருத்துவ ஆவணப் பிரிவுக்குப் போங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும். அதே விதிகள் ஆவணத்தை மூன்றாண்டு வைத்திருக்கத்தான் சொல்கின்றன என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

வெறும் டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். ஸ்டென்ட் பெட்டியிலிருந்து எடுத்து கேஸ் ஷீட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கும் பக்கத்தின் நகல் வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். நிறுவனம், மாடல், '2.75 x 28' போல விட்டமும் நீளமும் மில்லிமீட்டரில், லாட் எண் எல்லாம் அதில்தான் இருக்கும். ஆஞ்சியோ சிடியும் கேளுங்கள். இன்றைய ஸ்டென்ட்டுகள் பெரும்பாலும் எம்ஆர்ஐக்குத் தடையில்லாதவை. ஆனாலும் ஸ்கேன் மையம் மாடலைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். ஸ்கேனுக்காக ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: மனுவுக்கு 30 நாளாகியும் பதிலே இல்லை.
– வாசகர், ஆத்தூர்

பதில்: அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், கட்டணம் இல்லை. அங்கும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. முறையீட்டில் அதைக் குறிப்பிடத் தயங்காதீர்கள். தபால் ஒப்புகை பத்திரமாக இருக்கட்டும்.

கேள்வி: தனியார் மருத்துவமனை பில்லில் 'இம்பிளான்ட் மற்றும் உபகரணங்கள்' என்று ஒரே தொகை போட்டிருக்கிறார்கள். ஸ்டென்ட் விலை எவ்வளவு என்றே தெரியவில்லை.
– வாசகர், மேட்டூர்

பதில்: பிரித்துத் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு விதித்தபோதே, பில்லில் ஸ்டென்ட் விலை, பிராண்டு, தயாரிப்பாளர், பேட்ச் எண் தனியாக இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அன்று மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய் என்று வைத்தார்கள். இந்த வரம்பு அதன்பின் பலமுறை மாறியிருக்கிறது. எனவே சிகிச்சை நடந்த தேதியில் இருந்த விலையோடுதான் ஒப்பிட வேண்டும். ஜிஎஸ்டி தனி. இன்றைய விலையை ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' செயலியில் பார்க்கலாம். உச்சவரம்பு ஸ்டென்ட்டுக்கு மட்டும்தான். பலூன், கைடு ஒயர் (வழிகாட்டும் கம்பி), கதீட்டருக்கு (உள்ளே செலுத்தும் குழல்) இல்லை. பில் வீங்குவது பெரும்பாலும் அங்கேதான். ஸ்டென்ட் விலையே வரம்பை மீறியிருந்தால் பில் நகலும் ஸ்டிக்கர் நகலும் வைத்து ஆணையத்துக்கு எழுதுங்கள். சேலத்திலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குச் சீல் போட்டு வாங்கிவிடுங்கள்.