பிஎஸ்6 ஹார்டுவேர் பற்றி வரும் லீக்குகளை நம்பி, பிஎஸ்5 வாங்காமல் காத்திருக்கலாமா?

கேள்வி கேட்டவர் வடசென்னையில் கொருக்குப்பேட்டைக்காரர். கையில் ஐம்பதாயிரம் சேர்த்து வைத்திருக்கிறாராம். பிஎஸ் என்றால் சோனியின் பிளேஸ்டேஷன், டிவியில் மாட்டி ஆடும் கேம் கன்சோல். லீக் என்றால் கம்பெனி அறிவிக்கும் முன்பே கசியும் தகவல். தினம் ஒரு வீடியோவில் பிஎஸ்6 இப்படி வரும், அப்படி வரும் என்று பார்த்துப் பார்த்து, இப்போது வாங்குவதா பொறுப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை என்கிறார். நான் பக்கத்தில் தண்டையார்பேட்டை. 2008 முதல் ஒன்பது வருடம் சின்னதாக ஒரு கேம் சென்டர் நடத்தினேன். இப்போது வீட்டிலேயே கன்சோல் ரிப்பேர் பார்க்கிறேன். இதே குழப்பத்தில் நானும் ஒரு தடவை இரண்டு வருடத்தைத் தொலைத்திருக்கிறேன்.

அது 2005. அண்ணன் காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், நான் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். இருவரும் பிஎஸ்2 வாங்கப் பணம் சேர்த்து, பர்மா பஜாரில் விலையும் பேசி வைத்துவிட்டோம். அந்த மே மாதம் சோனி பிஎஸ்3-ஐ மேடையில் காட்டியது. பின்பக்கத்தில் டிவி மாட்டும் எச்டிஎம்ஐ துளை இரண்டு, நெட்வொர்க் கம்பி மாட்டும் ஈதர்நெட் துளை மூன்று. எங்கள் தெருப் பையன்களுக்கு அது போதும். ஆளுக்கு ஒரு டிவி வைத்து ஃபுட்பால் ஆடலாம், திரையைப் பாதியாகப் பிரிக்க வேண்டாம் என்று ஒரே பேச்சு. "பொறுடா, அதையே வாங்கிடலாம்" என்றார் அண்ணன்.

2006 முதல் பாதியில் வரும் என்றார்கள். நவம்பரில்தான் வந்தது, அதுவும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும். எச்டிஎம்ஐ ஒன்று, ஈதர்நெட் ஒன்று. அமெரிக்காவிலேயே விலை 499, 599 டாலர். நம் ஊருக்கு வந்தபோது நாற்பதாயிரத்தை ஒட்டிய விலை. 2007 கடைசியில் பழைய பிஎஸ்2 ஒன்றை வாங்கினோம். 2005-லேயே வாங்கியிருந்தால் அண்ணன் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் சேர்ந்து ஆடியிருப்போம். எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

இத்தனைக்கும் அது லீக்கே இல்லை. கம்பெனியே மேடையில் காட்டிய பொருள். தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கும்வரை எதுவும் மாறலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எப்போதும் குறைந்துதான் போகும் என்றும் இல்லை. பிஎஸ்4-க்கு 4 ஜிபி ரேம் என்றுதான் ரொம்ப நாள் பேச்சு. 2013 பிப்ரவரியில் 8 ஜிபி ஜிடிடிஆர்5 (கிராபிக்ஸுக்கான வேகமான ரேம் வகை) என்று அறிவித்தார்கள். அதே வருடம் மைக்ரோசாப்டின் போட்டி கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன் விற்பனைக்கு வரச் சில மாதம் இருக்கும்போது அதன் கிராபிக்ஸ் வேகத்தை 800 மெகாஹெர்ட்ஸிலிருந்து 853-க்கு ஏற்றினார்கள். அதனால் நூறு சதவீதம் உண்மையான லீக்கும் கசிந்த அன்றைக்கு மட்டும்தான் உண்மை.

உண்மையான லீக்காகவே இருந்தாலும் எவ்வளவு காலம் ஆகும் என்று பாருங்கள். 2022-ல் சிப் கம்பெனியான என்விடியாவின் கணினிகளுக்குள் ஹேக்கர்கள் புகுந்து திருடியபோது டி239 என்ற சிப் பற்றிய விவரம் வெளியே வந்தது. அந்த சிப்தான் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்குள் இருக்கிறது. ஆனால் ஸ்விட்ச் 2 விற்பனைக்கு வந்தது 2025 ஜூன் 5. அந்த லீக்கை நம்பிக் காத்திருந்தவர் ஏமாறவில்லை, ஆனால் மூன்று வருடம் சும்மா இருந்தார்.

சரி, லீக்கையே பார்க்க வேண்டாமா? அப்படி நான் சொல்லவே மாட்டேன். எனக்கு அது ரொம்பப் பிடித்த விஷயம். ஒரு காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு பார்த்தால் எது சரிப்பட்டு வரும், எது வராது என்று நாமே கண்டுபிடிக்கலாம்.

முதலில் டெராஃப்ளாப், அதாவது சிப் நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு போடும் என்ற அளவு. பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் சிப் தரும் ஏஎம்டி கம்பெனியின் கிராபிக்ஸ் சிப்பில் கம்ப்யூட் யூனிட் என்று ஒன்று உண்டு. ஒன்றுக்குள் 64 கணக்குப் பிரிவுகள். ஒவ்வொரு பிரிவும் ஒரு துடிப்புக்கு 2 கணக்கு போடும். பிஎஸ்5-ல் 36 யூனிட், வேகம் 2.23 கிகாஹெர்ட்ஸ். 36, 64, 2, 2.23 நான்கையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 10.28 டெராஃப்ளாப், சோனி சொன்ன அதே எண். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 52 யூனிட், 1.825 கிகாஹெர்ட்ஸ். அதே கணக்கில் 12.15. யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் இப்படிப் பெருக்கிப் பாருங்கள். யூனிட்டும் வேகமும் சொல்லாமல் டெராஃப்ளாப் மட்டும் சொல்லும் வீடியோவை மூடிவிடலாம்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2024-ல் பிஎஸ்5-ன் வேகம் கூட்டிய மாடலான பிஎஸ்5 ப்ரோ பற்றிக் கசிந்த எண் 33.5 டெராஃப்ளாப். பிஎஸ்5-ஐவிட மூன்று மடங்கு என்று எல்லோரும் குதித்தார்கள். சோனி அதிகாரப்பூர்வமாகச் சொன்னது 16.7. லீக் யாரோ இட்டுக்கட்டியது இல்லை. புதிய ஏஎம்டி வடிவமைப்பில் ஒரே துடிப்பில் இரட்டைக் கணக்கு போடும் வழி உண்டு. அதைச் சேர்த்து எண்ணினால் 33.5, சேர்க்காவிட்டால் 16.7. ஆனால் ப்ரோவில் அந்த இரட்டை வழியைச் சேர்க்கவே இல்லை. பிஎஸ்6-க்கு வரப்போகும் பெரிய பெரிய எண்களிலும் இந்த விளையாட்டு இருக்கும் என்பது என் கணிப்பு. தவிர, 12.15 வைத்திருந்த எக்ஸ்பாக்ஸும் 10.28 வைத்திருந்த பிஎஸ்5-ம் பெரும்பாலான கேம்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஓடின. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவன் நான், தைரியமாகச் சொல்கிறேன்.

நான் முதலில் தேடுவது ரேம் கணக்கைத்தான். அங்கேதான் கம்பெனியின் பணம் போகிறது. பிஎஸ்5-ல் 2 ஜிபி ரேம் சிப் எட்டு. ஒவ்வொன்றுக்கும் 32 கம்பி, ஆக மொத்தம் 256 கம்பி. ஒரு கம்பியில் நொடிக்கு 14 கிகாபிட். 256-ஐ 14-ஆல் பெருக்கி, 8 பிட் ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 448 ஜிபி. சோனி சொன்ன எண் இதுவேதான். ப்ரோவில் 14-ஐ 18 ஆக்கினார்கள், 576 வந்தது. இப்போது பிஎஸ்6-க்கு 160 கம்பி, ஜிடிடிஆர்7, மொத்தம் 30 ஜிபி என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. 160 என்றதும் பலர் குறைந்துவிட்டதே என்கிறார்கள். கணக்கு போடுங்கள். கம்பிக்கு 32 கிகாபிட் என்றால் 160-ஐ 32-ஆல் பெருக்கி 8-ஆல் வகுக்க, நொடிக்கு 640 ஜிபி. ப்ரோவைவிட அதிகம். 30 ஜிபியும் பொருந்துகிறது. 160-ஐ 32-ஆல் வகுத்தால் ஐந்து வழி, ஒரு வழியை இரண்டு சிப் பகிர்ந்துகொள்ளும், ஜிடிடிஆர்7-ல் இப்போது 3 ஜிபி சிப் கிடைக்கிறது, பத்து சிப்பில் 30 ஜிபி. கணக்கு பொருந்துவதால் மட்டும் அது உண்மையாகிவிடாது. ஆனால் கணக்கே தெரியாமல் யாரோ அடித்துவிட்டது இல்லை என்று தெரிகிறது.

கம்பியைக் குறைத்து யோசிப்பார்கள் என்பதற்குச் சோனியே ஒரு குறிப்பு கொடுத்திருக்கிறது. 2025 அக்டோபரில் பிளேஸ்டேஷன் வடிவமைப்பாளர் மார்க் செர்னியும் ஏஎம்டியின் ஜாக் ஹுயினும் சேர்ந்து ஒரு வீடியோ வெளியிட்டார்கள். அமெதிஸ்ட் என்ற கூட்டு முயற்சியைப் பற்றியது அது. மூன்று விஷயம் சொன்னார்கள். கம்ப்யூட் யூனிட்டுகளைக் கூட்டாகச் சேர்த்து ஒரே ஏஐ இயந்திரமாக ஓட்டுவது ஒன்று. வெளிச்சம் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்கிடத் தனிப் பகுதி ஒன்று. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: ரேமுக்குப் போகும் எல்லாத் தகவலையும் சுருக்கி அனுப்புவது. ரேம் விலை எகிறும் காலத்தில் கம்பியையும் சிப்பையும் கூட்டுவதைவிட, போகிற சரக்கைச் சுருக்குவது மலிவு. இவை இப்போதைக்குக் கணினி மாதிரியில்தான் இருக்கின்றன, சில வருடத்தில் ஒரு கன்சோலில் கொண்டுவர ஆசை என்று செர்னி சொன்னார். அவர் வாயால் வந்தது அவ்வளவுதான். தேதி, விலை, எண் எல்லாம் மற்றவர்கள் சேர்த்தது.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பர் 7 அன்று வெளியானபோது இந்தியாவில் விற்கவில்லை. காரணம் என்ன தெரியுமா? வைஃபை. அதில் இருக்கும் வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாமல் இருந்தது. வருடக்கணக்கில் கிராபிக்ஸ் சிப்பையும் டெராஃப்ளாப்பையும் பற்றி நான் படித்த எந்த லீக்கிலும் இந்த வைஃபை சிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. நமக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று தீர்மானித்தது அதுதான்.

இன்னொன்று சூடு. பிஎஸ்5 கூட வரும் காகிதத்தில் 5 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் வைத்துப் பயன்படுத்துங்கள் என்று அச்சடித்திருக்கும். மே மாதம் மதியம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையில் 35 எங்கே இருக்கிறது? நம் பக்கம் சூடு மட்டும் இல்லை. காசிமேடு, ராயபுரம், கல்மண்டபம் பக்கமிருந்து எனக்கு வரும் கன்சோல்களைத் திறந்தால் எச்டிஎம்ஐ துளைக்குள் பச்சையாகப் பூத்திருக்கும், ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கும். கடல்காற்று. கேம் சென்டர் ஆரம்பித்த புதிதில் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாரம் ஒருமுறை ஃபேனைத் துடைத்தால் துணி கறுப்பாகும். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-ல் அது எண்ணூர்ப் பக்கம் போனது. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை துடைத்தால் போதும் என்றானது.

முதலில் வந்த பிஎஸ்5 விளையாடும்போது 200 வாட் அளவில் இழுக்கும். இழுக்கும் மின்சாரம் முழுக்கச் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டைத் தள்ள ஃபேன் வேகமாகச் சுற்றும், சுற்றச் சுற்றத் தூசியும் உப்பும் உள்ளே போகும். பிஎஸ்6 பற்றிச் சுற்றும் பேச்சில் 160 வாட் என்று ஒன்று உண்டு. அது மட்டும் உண்மையாகிவிட்டால் எனக்கு எந்த டெராஃப்ளாப்பைவிடவும் சந்தோஷம். ஏசி இல்லாத வீட்டில் ஒரு கன்சோல் ஆறு வருடம் உழைக்குமா, மூன்று வருடத்தில் என் மேசைக்கு வருமா என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும்.

அப்புறம் விலை. பழைய காலத்தில் பொறுத்தவர்களுக்குப் பலன் இருந்தது. பிஎஸ்2 அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்து, 2009-ல் 99 டாலருக்கு இறங்கியது. இப்போது அப்படி இல்லை. பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய்க்கு வந்தது. 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏற்றினார்கள். சிப்பைச் சின்னதாக்கினால் முன்பு செலவு இறங்கும், இப்போது சின்னதாக்குவதே செலவாகிவிட்டது. ரேமை ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. பத்து 3 ஜிபி சிப் போட்ட பெட்டி மலிவாக வரும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அதனால் உங்களுக்கு என் பதில்: காத்திருக்காதீர்கள், பிஎஸ்5 வாங்குங்கள். அடுத்ததும் ஏஎம்டி சிப்தான் என்பதால் பிஎஸ்5 கேம்கள் அதிலும் ஓடும் வாய்ப்பு அதிகம். பிஎஸ்4 கேம்கள் ஏறக்குறைய எல்லாமே பிஎஸ்5-ல் ஓடுகின்றன. வாங்கும் கேம் வீணாகாது. டிஸ்க் போடும் மாடலாகவே வாங்குங்கள். புது கேம் நாலாயிரம், ஐந்தாயிரம் விற்கும்போது, ஒரு டிஸ்க்கை வியாசர்பாடியில் ஒருவர் முடித்து, புளியந்தோப்பில் ஒருவருக்கு மாற்றி, அங்கிருந்து எம்.கே.பி. நகருக்குப் போவதால்தான் நம் பையன்கள் ஆடவே முடிகிறது. ப்ரோவில் டிஸ்க் டிரைவ் சேர்ந்து வரவில்லை. பிஎஸ்6 லீக்கில் நீங்கள் தேட வேண்டிய ஒரு வரி இருந்தால் அது இதுதான்.

பழையது வாங்குவதாக இருந்தால் கடையிலேயே டிவியில் போட்டு ஒரு மணிநேரம் ஓடவிடச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் சரி என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம். ஃபேன் சத்தம் ஒரே சீராக இருக்கிறதா, இடையில் கர்கர் என்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். போன் டார்ச்சை எச்டிஎம்ஐ துளைக்குள் அடித்துப் பாருங்கள், பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள். சீல் ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் யார் திறந்தது, எதற்குத் திறந்தது என்று கேளுங்கள். பிஎஸ்5-ல் சிப்புக்கு மேல் பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது, தெரியாமல் திறந்தவர் கையால் அது போர்டில் சிந்தியிருந்தால் சரிசெய்வது கஷ்டம். சந்தேகமாக இருந்தால் படம் எடுத்து இந்தப் பதிலின் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.