கைல ஒட்டாத லஞ்ச் பாக்ஸ்

கேள்வி: அக்கா, என் பையனுக்கு ஆறு வயசு, ஒண்ணாங்கிளாஸ். நான் ஊட்டி விட்டா வயிறு நிறைய சாப்பிடுவான், ஸ்பூன் குடுத்தா அதுலயும் சமாளிப்பான், ஆனா கையால எதையும் தொட மாட்டான். வாழைப்பழம் குடுத்தா தோலோட இருக்குற பக்கத்தத்தான் புடிச்சுக்குவான். ஈரமா வழவழன்னு ஏதாச்சும் விரல்ல பட்டுடுச்சுன்னா பத்து விரலையும் விரிச்சு வெச்சுக்கிட்டு ஓடி வருவான், கழுவி விடுற வரைக்கும் அழுகைதான். ஸ்கூலுக்கு குடுத்து விடுற டப்பா பாதி நாள் அப்படியே திரும்பி வருது, சாயங்காலம் வந்ததும் பசில கத்துறான். மிஸ் 'செல்லம் ஜாஸ்தி'ங்கறாங்க, மாமியார் 'ரெண்டு நாள் பட்டினி போடு, தானா தின்பான்'ங்கறாங்க. தெரபிஸ்ட்ட காட்டினோம், சென்சரி இஷ்யூன்னு சொன்னாங்க, ஆனா டப்பால என்ன வெச்சு அனுப்புறதுன்னு யாரும் சொல்லல. நீங்களாச்சும் சொல்லுங்க.

பதில்: முதல்ல அந்த பட்டினி வேலை வேண்டவே வேண்டாம்மா. ஊட்டினா சாப்பிடுறான்ல, அப்போ வாயும் வயிறும் நல்லாத்தான் இருக்கு, கைதான் மாட்டேங்குது. நமக்கு லேசா படுற ஒரு ஈரம் அவனுக்கு எறும்பு ஊர்ற மாதிரி, சில நேரம் அதுக்கும் மேல. அமெரிக்காவுல ஜீன் அயர்ஸ்னு ஒரு ஆகுபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகள செய்ய பழக்குற தெரபிஸ்ட்) 1960கள்லயே இத பத்தி எழுதியிருக்காங்க, தொடு உணர்ச்சிய மூளை வாங்கிக்கிற விதத்துல வர்ற விஷயம் இது, கொழுப்போ செல்லமோ இல்லன்னு. இன்னொண்ணும் கவனிச்சுப் பாருங்க, அழுத்தமா கைய புடிச்சா பெரும்பாலும் இந்த மாதிரி பிள்ளைங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, லேசா பட்டாத்தான் துள்ளுவாங்க.

(ஆட்டிசம் இருக்குற நிறைய பிள்ளைங்களுக்கு இப்படி இருக்கும், ஆனா இது இருந்தாலே ஆட்டிசம்னு அர்த்தம் இல்ல. ராத்திரி போன்ல தேடித் தேடி பயந்துக்காதீங்க, கேக்க வேண்டியத உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.)

சரி, டப்பாவுக்கு வருவோம். உங்க லெட்டர்லயே பதில் இருக்கு, வாழைப்பழத்த தோலோட புடிச்சுக்கிறான்னு எழுதியிருக்கீங்க பாருங்க. உங்க பையன் அவனுக்கான வழிய அவனே கண்டுபுடிச்சுட்டான், நாம அத மத்த சாப்பாட்டுக்கும் செஞ்சு குடுக்கணும், அவ்ளோதான். பழம்னா முழுசா உரிக்காம நுனில மட்டும் கீறி விட்டு அனுப்புங்க. பிரெட்டு சாண்ட்விச்னா குறுக்க வெட்டி, பாதிக்கு பட்டர் பேப்பர சுத்தி, அடில மடிச்சு விட்டுடுங்க, சாப்பிட சாப்பிட பேப்பர கீழ இறக்கிக்குவான். உள்ள தடவுறத ஓரம் வரைக்கும் தடவாம ஒரு விரல் அளவு விட்டுத் தடவுங்க, இல்லன்னா கடிக்கும்போது பிதுங்கி விரலுக்கு வந்துடும், அப்புறம் அன்னிக்கு டப்பா மூடினதுதான். ஆப்பிள், வெந்த உருளைக்கிழங்கு, சீஸ் இதெல்லாம் ஒரு வாய் அளவுக்கு துண்டு போட்டு ஃபோர்க்கால குத்தி எடுக்குற மாதிரி வைங்க. ஃபோர்க்கு குட்டையா, கைப்பிடி தடியா, முனை மழுங்கலா இருக்கணும். பல்குச்சி குத்தி அனுப்பாதீங்க, கிளாஸ்ல பக்கத்து பிள்ளை கண்ணு இருக்கு.

சோறு, நூடுல்ஸ் மாதிரி ஸ்பூன் சாப்பாடு குடுத்தா அகலமான தட்டை டப்பாவ விட உயரமா ஆழமா இருக்குற டப்பா நல்லது. தட்டை டப்பால ஓரத்துல இருக்குறத தள்ளும்போது அது வெளிய வந்து கைல விழும், ஆழமான டப்பால ஸ்பூனுக்கு சுவர் கிடைக்கும்.

இப்ப நான் பட்ட ஒரு பாட்டையும் சொல்லிடுறேன். என் பொண்ணுக்கும் இதே கதைதான், இவ்ளோ இல்ல, ஆனா இருந்துச்சு. ஒரு மாசம் பூரா பிஸ்கட் மட்டும் தொடாம திரும்பி வந்துச்சு, வீட்ல அதே பிஸ்கட்ட அஞ்சு ஆறுன்னு தின்பா. நானும் பிராண்ட மாத்தி பாத்தேன், திட்டியும் பாத்தேன். ஒரு நாள் மத்தியானம் நானே அதே டப்பாவ கட்டி வெச்சு அவ சாப்பிடுற நேரத்துல தொறந்து பாத்தேன், அப்பத்தான் புரிஞ்சுச்சு. காலைல சூடா சாதத்த போட்டு உடனே மூடினதால மூடிக்கு அடில முத்து முத்தா தண்ணி கோத்து, தொறக்கும்போது சொட்டு சொட்டா அதே டப்பால பக்கத்து தடுப்புல இருந்த பிஸ்கட் மேல விழுந்து, மேல் பக்கம் பூரா நமுத்துப் போய் பிசுக்குன்னு இருந்துச்சு. பாவம் புள்ள, அவ மேல தப்பே இல்ல. அன்னிலேருந்து காய்ஞ்சது தனி டப்பா, ஈரம் தனி டப்பா. நீங்களும் ஒரு நாள் இத செஞ்சு பாருங்க, காலைல கட்டுறது ஒண்ணு, நாலு மணி நேரம் கழிச்சு அவன் கைக்கு வர்றது வேற ஒண்ணு. வெட்டின பழத்த துணில ஒத்தி எடுத்துட்டு, டப்பா அடில ஒரு டிஷ்யூ போட்டு வெச்சாலே பாதி ஈரம் போயிடும்.

அதுக்காக சூட்ட ஆற விடுறேன்னு சமைச்சத மணிக்கணக்கா வெளில வெச்சுடாதீங்க. 5 டிகிரிலேருந்து 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கிருமி வேகமா பெருகும், முக்கியமா சோறு, முட்டை, பால் ஐட்டம் எல்லாம். சூடா குடுக்கணும்னா ஃபிளாஸ்க் டைப் டப்பா வாங்கி, கொதிக்கிற தண்ணிய ஊத்தி ஒரு அஞ்சு பத்து நிமிஷம் மூடி வெச்சு, அத கொட்டிட்டு ஆவி பறக்க சாப்பாட்ட போட்டு மூடுங்க. குளிர்ச்சியா வேணும்னா ஐஸ் பேக் வைங்க, ஆனா அத துணில சுத்தி வைங்க, அதுலயும் வேர்க்கும்.

கை துடைக்க வெட் வைப்ஸ் குடுத்து விடுறீங்களா? அதுவே அவனுக்கு ஆகாம இருக்கலாம், சில்லுன்னு ஈரமா வாசனையா இருக்கும்ல. காய்ஞ்ச சின்ன டவல் ஒண்ணு, அவனுக்கு புடிச்ச துணில, பைல கைக்கு எட்டுற பாக்கெட்ல வைங்க. எப்ப வேணா துடைச்சுக்கலாம்னு தெரிஞ்சாலே பிள்ளைங்களுக்கு கொஞ்சம் தைரியம் வந்துடும், என் பொண்ணு பாதி நாள் அத வெளிலயே எடுக்க மாட்டா, ஆனா இல்லன்னா சாப்பிட மாட்டா.

ஸ்கூல் டப்பால புதுசா எதுவும் ட்ரை பண்ணாதீங்க. ஏற்கனவே சத்தம், நெரிசல், பத்து விதமான வாசனை, டைம் வேற கம்மி. அங்க தெரிஞ்ச சாப்பாடு மட்டும், அதுவும் கொஞ்சமா. புதுச லீவு நாள்ல வீட்ல காட்டுங்க, பத்து தடவைக்கு மேல காட்டின பிறகுதான் ஒரு கடி கடிப்பான், அது சகஜம். ஒரு ஞாயித்துக்கிழமை அதே பை, அதே டப்பாவோட தரைல உக்கார வெச்சு, நீங்க கை வெக்காம அவனே தொறந்து சாப்பிட்டு மூடட்டும், நீங்க சும்மா கடிகாரத்த பாத்துக்கிட்டு இருங்க. மூடி டைட்டா இருக்குறதுதான் பல வீட்ல உண்மையான வில்லன்.

கைய பழக்குறத சாப்பாட்டு நேரத்துல வெச்சுக்காதீங்க, இத மட்டும் அழுத்தி சொல்லுவேன். விளையாட்டு நேரத்துல, ஸ்பூனால அரிசிய கிண்டுறது, அப்புறம் கையால அள்ளுறது, அப்புறம் மாவு, அப்புறம் ஜிப் கவருக்குள்ள பெயின்ட்ட ஊத்தி மூடி வெளிலேருந்து அமுக்குறது, கடைசிலதான் ஈரம். காய்ஞ்சதுலேருந்து ஈரத்துக்கு, அவன் இஷ்டத்துக்கு, எந்த நிமிஷமும் எந்திரிச்சு போயிடலாம்ங்கற மாதிரி. கைய புடிச்சு உள்ள முக்குனீங்கன்னா ஆறு மாசம் பின்னாடி போயிடுவீங்க. தெரபிஸ்ட்டும் இந்த வரிசைலதான் பெரும்பாலும் போவாங்க, அடுத்த தடவை போகும்போது வீட்ல செய்ய என்னன்னு எழுதி வாங்கிட்டு வாங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு நாலு வயசு, இதே பிரச்சினை. டிஸ்போசபிள் கிளவ்ஸ் போட்டு சாப்பிட வெச்சா என்ன மேடம்? ஃபோர்க்கால குத்த வசதியா திராட்சை, கேரட்டெல்லாம் குடுத்து விடுறேன்.

பதில்: கிளவ்ஸ்ல எனக்கு அவ்ளோ இஷ்டம் இல்ல சார். சின்ன கைக்கு லூசா இருக்கும், உள்ள வேர்க்கும், வேர்த்தா அதுவே ஒரு தொல்லை, மத்த பிள்ளைங்க கேள்வி வேற கேக்கும். எங்கயாச்சும் பார்ட்டி, விசேஷம்னு ஒரு நாள் ரெண்டு நாள்னா பரவால்ல, லேடெக்ஸ் மட்டும் வேண்டாம், அலர்ஜி வர வாய்ப்பு இருக்கு. பிள்ளைங்களுக்குன்னு மேல ஜாயின்ட் போட்ட சாப்ஸ்டிக் வருது, கிடுக்கி மாதிரி அமுக்கி எடுக்கலாம், அவளுக்கு அது விளையாட்டாவும் இருக்கும்.

ஆனா அதவிட முக்கியமா, அந்த திராட்சை. முழு திராட்சை நாலு வயசு பிள்ளை தொண்டைல சரியா கார்க் மாதிரி அடைச்சுக்கும். நீளவாக்குல நாலா வெட்டணும், குறுக்க ரெண்டா வெட்டினா போதாது. பச்சை கேரட்ட துண்டா குடுக்காதீங்க, மெத்துன்னு வேக வெச்சோ துருவியோ குடுங்க. முந்திரி, பாதாம் மாதிரி கொட்டைங்கள முழுசா குடுக்கறது அஞ்சு வயசு வரைக்கும் வேண்டாம்.

கேள்வி: எப்போ இது டப்பா பிரச்சினை இல்ல, டாக்டர் பிரச்சினைன்னு தெரிஞ்சுக்குறது?

பதில்: வெயிட் ஏறாம நின்னாலோ குறைஞ்சாலோ. நேத்து வரைக்கும் சாப்பிட்டது ஒவ்வொண்ணா லிஸ்ட்லேருந்து கழண்டுக்கிட்டே போய் புதுசா ஒண்ணும் சேராம இருந்தாலோ. கைல தொடுறது மட்டும் இல்லாம வாய்ல வெச்சாலே ஓங்கரிச்சாலோ, முழுங்கும்போது இருமினாலோ. சும்மா அடம்னு நெனச்சு தள்ளிப் போடுற சில கேஸுக்கு ஏஆர்எஃப்ஐடின்னு பேரே இருக்கு, மனநல டாக்டருங்க எந்த பிரச்சினைன்னு கண்டுபுடிக்க பாக்குற, 2013ல வந்த டிஎஸ்எம் 5 புத்தகத்துல சேத்தாங்க, ஒல்லியாகணும்ங்கற எண்ணம் துளியும் இல்லாம சாப்பாட்ட ஒதுக்குறது அது. டாக்டர்ட்ட போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் என்ன குடுத்தீங்க, என்ன திரும்பி வந்துச்சுன்னு போன்ல ஃபோட்டோ எடுத்து வைங்க, காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நாம வாயால சொல்றத விட அந்த பதினாலு ஃபோட்டோ டாக்டருக்கு நிறைய சொல்லும்.