நித்திரையான பிறகு பதிந்த பெயர்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. மூன்று வருடமாக உள்ளூர் 'ஹவுஸ் லீக்' ஆட்டங்களில் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறாள். பயிற்றுநர் 'பி' அணிக்கு முயலச் சொல்கிறார். மச்சானின் மகள் அதைவிட மேல்மட்டமான 'ஏஏ' அணியில் இருக்கிறாள். எதில் சேர்ப்பது? ஆண் பிள்ளைகளோடு விடலாமா? போன கிழமை மகள் நித்திரையான பிறகு ஏஏ அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு, அதாவது ட்ரைஅவுட்டுக்கு, பதிந்துவிட்டேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.
- ஒரு தந்தை, ஸ்காபரோ, கனடா

பதில்: அவள் நித்திரையான பிறகா? ஏன் ஐயா, முழித்திருக்கும்போது கேட்டால் என்ன சொல்வாள் என்று உங்களுக்குத் தெரியும், அதனால்தானே?

ட்ரைஅவுட் என்றால் என்னவென்று யோசித்தீர்களா? உடைமாற்றும் அறையில் தெரியாத பிள்ளைகள். முதுகில் ஒரு இலக்கம். மேலே அட்டையும் பேனையுமாகப் பயிற்றுநர்கள். வாசலில் கார் நின்ற பிறகுதான் அவளுக்கு இதெல்லாம் தெரியவேண்டுமா? பிள்ளை பெற்றோர் சொல் கேட்கவேண்டும் என்று நம்புகிறவள் நான். ஆனால் சொல்லவே இல்லையே நீங்கள்! ஒளித்துச் செய்வதை நாளைக்கு அவள் உங்களிடம் செய்தால் எந்த வாயால் கண்டிப்பீர்கள்?

மட்டங்களைக் கேட்டீர்கள். ஒன்ராறியோவில் பெண் பிள்ளைகளுக்கென்று 1975இல் தொடங்கிய மகளிர் ஹொக்கிச் சங்கம் இருக்கிறது. டிசம்பர் 31 அன்று 13 வயது நிரம்பாதவர்கள் யு13 என்ற வயதுப் பிரிவு. ஹவுஸ் லீக்கில் பதிந்த எல்லோரும் விளையாடலாம். தேர்ந்தெடுக்கும் ரெப் அணிகள் சி, பி, பிபி, ஏ, ஏஏ என்று ஏறும். ஏற ஏற பயிற்சி நாட்கள், வெளியூர்ப் போட்டிகள், காசு எல்லாம் கூடும். ஹவுஸ் லீக்கில் இருந்து நேரே ஏஏ என்பது பெரிய பாய்ச்சல். பனியில் அவளை மூன்று வருடம் பார்த்தவர் பி என்கிறார். மச்சான் வீட்டைப் பார்த்து நீங்கள் ஏஏ என்கிறீர்கள். யாருடைய கண்ணை நம்புவது?

ஆண்கள் அணியில் சேர உரிமை உண்டு. ஜஸ்டின் பிளேனி என்ற பிள்ளை வழக்காடி, 1986இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அதற்கு வழி திறந்தாள். ஆனால் அது அவளே ஆசைப்பட்டுப் போராடியது. பெண் பிள்ளைகளின் ஆட்டத்தில் உடம்பால் இடித்துத் தடுக்கக் கூடாது. ஆண்களின் மேல்மட்ட அணிகளில் பதின்வயதில் அது வந்துவிடும். மகளாகக் கேட்டால் பேசுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

இவ்வளவு எழுதினீர்கள், அவள் முன்னுக்கு விளையாடுகிறாளா, பின்னுக்கா, கோல் காப்பவளா என்று ஒரு சொல் இல்லை. மச்சானின் மகள் எந்த அணி என்று மட்டும் தெரிகிறது.

இன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் சொல்லுங்கள், "கேட்காமல் பதிந்துவிட்டேன், பிழை என்னுடையது" என்று. தாயும் பக்கத்தில் இருக்கட்டும். போவதா விடுவதா என்று அவள் சொல்லட்டும். வேண்டாம் என்றால் அவள் முன்னாலேயே பெயரை எடுத்துவிட்டு, பி அணிக்கு எப்போது ட்ரைஅவுட் என்று பயிற்றுநரிடம் அவளையே கேட்கச் சொல்லுங்கள்.