ரேடியேட்டர் ஃபேனுக்கு ஒரு விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என்னுடையது பழைய பெட்ரோல் கார். நெரிசலில் நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரிவதில்லை. டேஷ்போர்டில் ஒரு விளக்கு வைக்க எந்த ஒயரிலிருந்து இணைப்பு எடுக்க வேண்டும்?

ஃபேனின் பிளஸ் பக்கத்தில் ஸ்விட்ச் இருக்கிறதா, எர்த் பக்கத்தில் (காரின் உலோக உடலோடு சேரும் மைனஸ் பக்கத்தில்) இருக்கிறதா என்பதை முதலில் அறிய வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, இக்னிஷனை மட்டும் போட்டு, ஃபேனின் கனெக்டரைக் கழற்றாமலே அதன் இரண்டு ஒயர்களையும் மல்டிமீட்டரால் பாடி எர்த்துக்கு எதிராகச் சோதியுங்கள். ஃபேன் எந்த நேரமும் சுழலத் தொடங்கலாம் என்பதால் கையையும் சட்டைக் கையையும் இறக்கைகளிடமிருந்து தள்ளியே வைத்திருங்கள். ஃபேன் ஓடாத நிலையில் இரண்டு ஒயர்களிலும் வோல்டேஜ் இல்லையென்றால், பிளஸ் பக்கம் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் ஸ்விட்ச்) வழியாக வருகிறது என்று பொருள். ரிலேயில் 87 என்று எண் குறித்த முனையிலிருந்து ஃபேனுக்குப் போகும் ஒயரில் இணைப்பு எடுத்து, விளக்கின் மறுமுனையை எர்த்தில் சேர்க்கலாம். இரண்டிலும் 12 வோல்ட் காட்டினால், ஃபேனுக்குப் பிளஸ் எப்போதும் இருக்கிறது, ரேடியேட்டரில் உள்ள, வெப்பம் ஏறினால் இணையும் தெர்மோ ஸ்விட்ச்தான் எர்த்தைச் சேர்த்துப் பிரிக்கிறது. அப்போது விளக்கின் பிளஸ் முனையை இக்னிஷன் ஒயரிலும், மைனஸ் முனையை ஃபேனுக்கும் தெர்மோ ஸ்விட்சுக்கும் இடையிலுள்ள ஒயரிலும் இணைக்க வேண்டும்.

எந்த வகையானாலும், இணைப்பு எடுக்கும் ஒயரில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை, எடுக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே போடுங்கள். ஃபேனின் ஃபியூஸ் 20 அல்லது 30 ஆம்பியராக இருக்கும். விளக்குக்குப் போகும் மெல்லிய ஒயர் எங்கேனும் தகட்டில் உரசி எர்த் ஆனால், அந்தப் பெரிய ஃபியூஸ் போவதற்கு முன்பே ஒயர் எரிந்துவிடும். டேஷ்போர்டுக்குள் நுழையும் துளையில் ரப்பர் க்ரோமெட் (ஒயர் தகட்டில் உரசாமல் காக்கும் வளையம்) இல்லாமல் ஒயரை இழுத்துவிடும் வழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது, அதை அனுமதிக்காதீர்கள்.

சாதாரண எல்.இ.டி. போதுமா? எத்தனை ஓம் ரெசிஸ்டர் வேண்டும்?

போதும். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14.4 வோல்ட் வரை ஏறும், சிவப்பு எல்.இ.டி. தனக்கு ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதியை 1,000 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால் ஏறத்தாழ 12 மில்லி ஆம்பியர் ஓடும். கால் வாட் ரெசிஸ்டரே இதற்குத் தாங்கும். இரவில் கண்ணைக் கூசினால் 2,200 ஓம் போட்டுக்கொள்ளுங்கள்.

எர்த் பக்க ஸ்விட்ச் உள்ள காரில் சிறு பல்பு போட்டேன். சாவியை எடுத்த பிறகும் அது மங்கலாக எரிகிறது. ஏன்?

உங்கள் ஃபேனுக்குப் பிளஸ் நேரே பேட்டரியிலிருந்து வருகிறது. சாவியை எடுத்ததும் இக்னிஷன் ஒயரில் வோல்டேஜ் இல்லாமல் போகிறது. ஆனால் ஃபேன் மோட்டார் வழியாக 12 வோல்ட் பல்பின் மறுமுனைக்கு வந்து, பல்பைக் கடந்து, இக்னிஷன் சுற்றிலுள்ள மற்ற கருவிகள் வழியே எர்த்துக்குப் போகிறது. இப்படியே விட்டால் பேட்டரி மெல்ல இறங்கும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்றைப் பல்புக்குத் தொடராகச் சேர்த்தால் இந்தத் தலைகீழ் ஓட்டம் நின்றுவிடும். எல்.இ.டி. போட்டிருப்பவர்களுக்கும் அந்த டயோடு தேவை, சாதாரண எல்.இ.டி. பலவற்றின் தலைகீழ்த் தாங்குதிறன் 5 வோல்ட் அளவுதான்.

நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது எல்.இ.டி. மினுமினுக்கிறது. ரிலே கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. எதிர்க்காற்றில் ஃபேன் தானாகச் சுழல்கிறது. அவ்வாறு சுழலும் மோட்டார் ஒரு சிறு ஜெனரேட்டராக மாறி இரண்டு மூன்று வோல்ட் தருகிறது. எல்.இ.டி.க்கு அதுவே போதும், இழை பல்புக்குப் போதாது. எல்.இ.டி.யோடு தொடராக, தலைகீழ்த் திசையில், 6 வோல்ட் அளவிலான ஜீனர் டயோடு (தலைகீழ்த் திசையில், குறித்த வோல்டேஜைத் தாண்டினால் மட்டும் மின்சாரத்தை விடுவது) ஒன்றைச் சேர்த்து, ரெசிஸ்டரை 470 ஓமாகக் குறைத்தால் மினுமினுப்பு போகும், வெளிச்சமும் குறையாது.

விளக்கு நன்றாக எரிந்தது, ஆனாலும் என்ஜின் சூடேறிவிட்டது. திறந்து பார்த்தால் ஃபேன் நிற்கிறது. அப்படியானால் விளக்கால் என்ன பயன்?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். விளக்கு தான் இணைக்கப்பட்ட இடத்தில் உள்ளதை மட்டுமே சொல்லும். ரிலேயை இயக்கும் காயிலின் பக்கத்தில், அதாவது 85, 86ஆம் முனைகளில் எடுத்தால் ‘ஃபேனைப் போடு’ என்ற உத்தரவு வந்ததைச் சொல்லும். 87இல் எடுத்தால் மின்சாரம் ரிலேயைத் தாண்டியதைச் சொல்லும். கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டாரையும், துரு ஏறிய கனெக்டரையும், விட்டுப்போன எர்த்தையும் அந்த இரண்டுமே காட்டிக்கொடுக்காது.

ஃபேன் உண்மையில் மின்சாரம் இழுக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஒரு ரீட் ஸ்விட்சைப் பயன்படுத்தலாம். கண்ணாடிக் குழாய் போன்ற அந்தச் சிறு ஸ்விட்சின் மேல், ஃபேன் ஒயருக்குச் சமமான தடிமனுள்ள ஒயரை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, அதை ஃபேனுக்குத் தொடராக இணையுங்கள். 10 ஆம்பியர் ஓடும்போது எழும் காந்தப்புலம் பெரும்பாலான ரீட் ஸ்விட்சுகளை மூடிவிடும். மூடாவிட்டால் இன்னும் ஒரு சுற்றைக் கூட்டிப் பாருங்கள். எல்.இ.டி.யை அந்த ரீட் ஸ்விட்ச் வழியாக எரியவிட வேண்டும். இறுகி நின்றுவிட்ட மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்சாரத்தை இழுக்கும் என்பதால், ஃபியூஸ் போகும்வரை இந்த விளக்கும் எரியும் என்ற குறை மட்டும் இதில் உண்டு. எனவே எந்த விளக்கை வைத்தாலும் வெப்பநிலை முள்ளைப் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள். முள் சிவப்புக்கு ஏறினால் விளக்கை நம்பாமல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

புதிய காரிலும் இதைச் செய்யலாமா?

வேண்டாம். இ.சி.யூ. (என்ஜினை இயக்கும் கணினி) ஃபேனைக் கட்டுப்படுத்தும் கார்களில், குறிப்பாக ஃபேனின் வேகம் படிப்படியாக மாறும் வகைகளில், ஒயரை வெட்டி இணைப்பது தேவையற்ற தொல்லை, வாரண்டிக்கும் ஆபத்து. காரின் சோதனைச் சாக்கெட்டில் ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகினால் கூலண்ட் வெப்பநிலையைக் கைபேசியிலேயே பார்க்கலாம். பல கார்களில் ஃபேனுக்கான உத்தரவும் அதில் தெரியும்.

ஏ.சி. போட்டால் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே விளக்கு எரிகிறது. இது கோளாறா?

இல்லை. ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்கும் காற்று வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலான கார்களில் அதே ஃபேன் சுழலும்படி அமைத்திருக்கிறார்கள். ஏ.சி.யை நிறுத்திச் சற்று நேரமாகியும், என்ஜின் குளிர்ந்திருந்தும் விளக்கு அணையாவிட்டால் மட்டும், ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டனவா என்று பாருங்கள்.