பீரோவில் இருக்கும் காணிக்கை

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். எங்கள் ஊர் சபைக்கு நான்தான் பொருளாளர். இந்த முறை அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தையும் காணிக்கையையும் ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்தேன். மறுநாள் வங்கி விடுமுறை. மகனுக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய நேரம். 'இதை எடுத்துக் கட்டிவிட்டு, சம்பளம் வந்ததும் வைத்துவிடலாமே' என்று ஓர் எண்ணம். எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. ராத்திரி எழுந்து முழங்காலில் நின்றாலும் அதே எண்ணம் வருகிறது. 'விழித்திருங்கள்' என்று ஆண்டவர் சொன்னது இதைத்தானா? பொறுப்பை விட்டுவிடவா?

பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

'எடுக்கவில்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எண்ணம் வந்தது வேறு, கை போனது வேறு. வந்த எண்ணத்துக்காகவே உங்களைத் திருடனாக்கிக்கொண்டு ராத்திரியெல்லாம் விசாரிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த எண்ணம் எந்த வேஷத்தில் வந்தது என்று பாருங்கள். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, மனிதனைச் சோதிக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து எழுதினார். பண ஆசையைப் பற்றி எழுதுமிடத்தில் அவர் தங்கத்தையும் மாளிகையையும் பேசவில்லை. நீண்ட முதுமை, உழைக்க முடியாமல் போகும் உடம்பு, வரப்போகும் பஞ்சம், நோய், அடுத்தவரிடம் கைநீட்டி வாங்கும் வெட்கம், இவற்றைத்தான் அது மனதுக்குக் காட்டும் என்கிறார். சொந்தமாக ஒன்றும் வேண்டாம் என்று போனவர்களையே அது இப்படிப் பயமுறுத்தியிருக்கிறது! உங்களிடம் அது ஒரு நல்ல தகப்பனின் கவலையாக வந்தது. 'திருடு' என்று சொல்லியிருந்தால் அப்போதே துரத்தியிருப்பீர்கள். 'திரும்ப வைத்துவிடலாம்' என்றதால் உட்காரவைத்துப் பேசியிருக்கிறீர்கள்.

அவர் சொன்ன அந்த வெட்கத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். பீஸுக்கு மச்சானிடமோ கூட வேலை பார்ப்பவரிடமோ கேட்டிருக்கலாம். கேட்க கூச்சம். பீரோவிடம் கேட்க கூச்சமில்லை, அது யாரிடமும் சொல்லாது. என் ஊகம் தப்பாக இருந்தால் மன்னியுங்கள், ஆனால் உங்கள் கடிதத்தில் வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதாக ஒரு வரி இல்லை.

அடுத்தது, இந்தப் பணம் உங்கள் வீட்டுக்கு ஏன் வந்தது? இங்கே எனக்கு உங்கள்மேல் வருத்தமில்லை, சபைமேல்தான். 'அண்ணன் நம்பிக்கையான ஆள்' என்று சொல்லி, கட்டுக்கட்டாகப் பத்து ரூபாய் நோட்டையும் சில்லறை மூட்டையையும் ஒரு மனிதன் தலையில் கட்டி அனுப்புவதற்குப் பெயர் நம்பிக்கை இல்லை, சோம்பேறித்தனம். பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தபோது எப்படி நடந்துகொண்டார் என்று 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தன் உடன் ஊழியரான தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்புகிறார். அதில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்த ஆள். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று காரணமும் சொல்கிறார். பவுலை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அவர் அப்படி நினைக்கவில்லை. இயேசுவின் சீஷர்களின் பணப்பையையும் யூதாஸ் என்ற ஒரே ஆள்தான் வைத்திருந்தான், அவன் அதில் கைவைத்ததை யோவான் 12-ல் வாசிக்கிறோம்.

பிடிபட்ட ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு 'என்னோடேகூட விழித்திருங்கள்' என்று மூன்று பேரைக் கூப்பிட்டார். அவரே தனியாக விழித்திருக்க விரும்பவில்லை. நீங்களோ கதவைச் சாத்திக்கொண்டு தன்னந்தனியாக விழித்திருக்கப் பார்க்கிறீர்கள். தூக்கம் கெட்ட மனிதனுக்கு மறுநாள் கோபமும் சலிப்பும்தான் மிச்சம், அதில் எந்தச் சோதனையும் சுலபமாக நுழையும். 'கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா' என்று 127-ஆம் சங்கீதம் சொல்கிறது. அதற்கடுத்த வசனம் தூக்கத்தைப் பற்றியது, அதையும் வாசித்துவிட்டுப் படுங்கள்.

விலக வேண்டுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். முதலில் வீட்டில் சொல்லுங்கள். அப்புறம் கமிட்டியில் மூன்று காரியம் கேளுங்கள். ஆராதனை முடிந்ததும் கோயிலிலேயே குறைந்தது மூன்று பேர் உட்கார்ந்து எண்ணி, மூவரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவி இரண்டு பேரிடம். பக்கத்து டவுனில் பணம் போடும் மெஷின் இருந்தால், விடுமுறை என்றாலும் அது எடுத்துக்கொள்ளும் பெரிய நோட்டையெல்லாம் இரண்டு பேராகப் போய் அன்றைக்கே போட்டுவிட வேண்டும். 'உங்களைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்' என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். 'எனக்கே என்மேல் சந்தேகம் இருக்கிறது' என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் சாவியை குருவானவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.