புத்தகத்தில் இருக்கிறது, உடம்பில் இருக்கிறதா? குட்டிகளுக்கான ரேபிஸ் ஊசி: கேள்வி-பதில்

உரிமம் வாங்காத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 கடைசியில் சென்னை மாநகராட்சி அறிவித்ததிலிருந்து வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ரேபிஸ் (வெறிநோய்) ஊசியைப் பற்றித்தான். அதில் பலர் குட்டியின் வயதை எழுதுவதே இல்லை. வயதைச் சொல்லாமல் ஊசியைப் பற்றிக் கேட்பது, ஊரைச் சொல்லாமல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது மாதிரி. அடுத்த முறை பிறந்த தேதியோடு எழுதுங்கள்.

லாப்ரடார் குட்டி, 40 நாள் ஆகிறது. உரிமத்துக்கு விண்ணப்பிக்க ரேபிஸ் சான்று கேட்கிறார்கள். இப்போதே போட்டுவிடலாமா? (வேளச்சேரி)

கூடாது. 12 வாரம் முடியட்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பணுக்கள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி மருந்தை அவையே அடித்துப் போட்டுவிடும். ஊசி போட்டது மாதிரி இருக்கும், பாதுகாப்பு இருக்காது. 12 வாரத்தில் முதல் ஊசி, 4 வாரம் கழித்து பூஸ்டர், பிறகு ஆண்டுக்கு ஒன்று. இன்னொன்று: 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. 40 நாள் குட்டி உங்கள் கைக்கு எப்படி வந்தது?

விற்றவர் கொடுத்த தடுப்பூசிப் புத்தகத்தில் ரேபிஸ் போட்டாயிற்று என்று இருக்கிறது. அப்போது வயது 45 நாள். மறுபடி போட வேண்டுமா? காசு வீண் இல்லையா? (அம்பத்தூர்)

போட வேண்டும். இதே கேள்வி மாதத்துக்கு நாலு வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில், அந்த ஊசி நிஜமாகவே போடப்பட்டிருந்தாலும் 45 நாளில் போட்டது கணக்கில் சேராது. காரணம் மேலே சொன்னதுதான். இரண்டாவது, அது போடப்பட்டதா என்பதே சந்தேகம். புத்தகத்தைக் கையில் எடுத்து ரேபிஸ் வரியைப் பாருங்கள். மருந்துப் புட்டியிலிருந்து உரித்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா? அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். ஊசி போட்ட தேதி அந்தக் காலாவதிக்கு முன்னால்தானா? கையெழுத்துக்குக் கீழே கால்நடை மருத்துவ மன்றப் பதிவு எண் இருக்கிறதா, வெறும் ரப்பர் ஸ்டாம்பா? மூன்று வெவ்வேறு தேதிகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதினது போல இருந்தால் அது ஒரே நாளில் எழுதப்பட்டது. அதை யூகிக்கப் பெரிய துப்பறிவு வேண்டாம்.

அடுத்து வயது. விற்கிறவர்கள் சட்டத்துக்குப் பயந்து 40 நாள் குட்டியை 60 நாள் என்பார்கள். அந்தப் பொய்த் தேதியை வைத்து நீங்கள் 12 வாரத்தை எண்ணினால் உண்மையில் 9 வாரத்தில் ஊசி போட்டிருப்பீர்கள். பல்லைப் பாருங்கள். பால் பற்கள் 3 வாரத்தில் முளைக்கத் தொடங்கி 8 வாரத்துக்குள் அநேகமாக எல்லாம் வந்துவிடும். முன்பற்கள் உதிர்ந்து நிலைப்பற்கள் வருவது ஏறக்குறைய 4 மாதத்தில். கடைவாய்ப் பக்கம் பால் பல்லே முழுதாக வராத குட்டியை 'ரெண்டரை மாசம் சார்' என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள், முன்னால் இழுக்காதீர்கள்.

கூடுதலாக ஒரு ரேபிஸ் ஊசி போட்டுவிட்டதால் குட்டிக்குக் கெடுதல் இல்லை. அது கொல்லப்பட்ட வைரஸ்தான். குறைவாகப் போட்டால்தான் கெடுதல். இருபதாயிரம் கொடுத்துக் குட்டி வாங்கியவர், சில நூறு ரூபாய் ஊசியில் கணக்குப் பார்ப்பது எனக்குப் புரிவதில்லை. ஸ்டிக்கர் இல்லாத வரியை ஊசியாக எண்ணாதீர்கள்.

பொமரேனியன் குட்டி, ஒன்றரைக் கிலோதான். பாதி டோஸ் போதுமா?

போதாது. கிரேட் டேனுக்கும் 1 மில்லி, பொமரேனியனுக்கும் 1 மில்லி. தடுப்பூசியின் அளவுக்கும் உடல் எடைக்கும் சம்பந்தமில்லை.

நைன் இன் ஒன் போட்டாயிற்று. ஒன்பது நோயில் ரேபிஸ் இருக்காதா? (திருச்சி)

பெயரில் உள்ள எண்ணைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். அதில் டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைட்டிஸ், லெப்டோ வகையறா நாய் நோய்களுக்கான மருந்து இருக்கும். ரேபிஸ் பெரும்பாலும் தனிப் புட்டி. சில கூட்டு ஊசிகளில் ரேபிஸும் சேர்ந்து வரும், அப்போது ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருக்கும். ஸ்டிக்கரைப் படியுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் புட்டி வாங்கி நானே போட்டுவிட்டேன். ஆன்லைனில் சான்றிதழ் எப்படி எடுப்பது?

எடுக்க முடியாது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் தன் கையால் போட்டதற்குத்தான் சான்று தருவார், நீங்கள் சொன்னதை நம்பி அல்ல. சான்றை விடுங்கள், மருந்து உயிரோடு இருந்ததா? ரேபிஸ் மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கடையில் மின்சாரம் போன நேரம், ஸ்கூட்டர் டிக்கியில் வந்த அரை மணி, வீட்டு ஃபிரிட்ஜின் கதவுத் தட்டு, எல்லாம் கணக்கில் உண்டு. இதைவிட மோசம், சூடு ஆகிவிடுமே என்று ஐஸ்கட்டிக்கு நடுவில் புதைத்துக் கொண்டுவருவது. மருந்தோடு சேர்ந்திருக்கும் அலுமினிய உப்பு உறைந்தால் திரிந்துவிடும், குலுக்கினாலும் பழையபடி கலக்காது. உறைந்த மருந்து செத்த மருந்து. அப்புறம், தோலைத் தூக்கிப் பிடித்துக் குத்தும்போது ஊசி மறுபக்கம் வெளியே வந்து மருந்து முடியில் சிந்துவது பழக்கமில்லாத கைகளுக்கு அடிக்கடி நடக்கும். போட்ட இடத்தில் முடி ஈரமாக இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவரிடம் போய் மறுபடி போடுங்கள்.

ஊசி போட்டால் எத்தனை நாள் கறி போடக் கூடாது? குளிப்பாட்டலாமா?

பத்தியம் எதுவும் கிடையாது. வழக்கமான சாப்பாடு. குளியல் மட்டும் 3, 4 நாள் தள்ளிப் போகட்டும்.

ஊசி போட்ட இடத்தில் பட்டாணி அளவில் கட்டி. (மதுரை)

இரண்டு மூன்று வாரத்தில் கரையும். தேய்க்காதீர்கள், ஒத்தடம் என்று வெந்நீர் ஊற்றாதீர்கள். வளர்ந்தாலோ, சூடாக வலித்தாலோ காட்டுங்கள். ஒரு நாள் சோர்வும் சகஜம். முகம் வீங்குவது, வாந்தி, ஈறு வெளுப்பது சகஜமில்லை. அது ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே தெரிய ஆரம்பிக்கலாம். அதனால்தான் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருக்கச் சொல்வது. ஆட்டோ காத்திருக்கிறது என்று ஓடாதீர்கள்.

ஒன்பதாவது மாடி. நாய் வெளியே போவதே இல்லை. கட்டாயமா?

கட்டாயம். உரிம விண்ணப்பத்தில் மாடி எண்ணுக்கு விலக்கு இல்லை. லிஃப்ட் கீழேயும் போகும்.

மழையில் தெருவிலிருந்து எடுத்து வந்த நாட்டுக்குட்டி. வயது தெரியாது, தாயும் தெரியாது. மூன்று மாதம் காத்திருப்பதா? (தாம்பரம்)

உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஆபத்தான இடத்திலிருந்து வந்த குட்டிக்கு இப்போதே ஒன்று போடலாம், ஆனால் அதைக் கணக்கில் வைக்காமல் 12 வாரத்துக்கு மேல் மறுபடி ஒன்று, 4 வாரம் கழித்து பூஸ்டர். ஏற்கெனவே அதை வேறு நாய் ஏதாவது கடித்திருந்தால் நோய் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கலாம், ஊசி அதைத் தடுக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. சில மாதங்களுக்குக் குழந்தைகளின் முகத்தை அது நக்க விடாதீர்கள்.

2 மாதக் குட்டி விளையாடும்போது 6 வயது மகளின் கையில் பல் பட்டு ரத்தம் வந்தது. குட்டிகளுக்கு வெறி வராது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஊசி தேவையா?

அக்காவிடம் தப்பு என்று சொல்லுங்கள். குட்டிக்கும் வரும். கேள்வி எழுதி அனுப்பிய நேரத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். சோப்பு, ஓடும் தண்ணீர், 15 நிமிடம். இதை எத்தனை முறை எழுதினாலும் மஞ்சள்தூள், காப்பிப்பொடி, சுண்ணாம்பு என்றுதான் வருகிறார்கள். எதையும் அப்பாதீர்கள், கட்டுப்போடாதீர்கள்.

பிறகு அன்றே அரசு மருத்துவமனை. பல் இறங்கி ரத்தம் வந்தால் அது மூன்றாம் வகைக் காயம். தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (ஆயத்தமான எதிர்ப்பணுக்கள்) போட வேண்டும். தடுப்பூசியின் வேலை தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை காப்பது இதுதான். தோலுக்குள் போடும் முறையில் தடுப்பூசி 0 (முதல் ஊசி நாள்), 3, 7, 28 ஆகிய நாட்களில். குட்டியை 10 நாள் கட்டி வைத்துக் கவனியுங்கள். அது நன்றாக இருந்தால் மீதி ஊசிகளை மருத்துவர் நிறுத்தலாம். பத்து நாள் பார்த்துவிட்டு ஊசிக்குப் போகிறேன் என்பதுதான் கூடாது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இருந்தால் விடுங்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்து நம் நாட்டில் நின்று ஏறக்குறைய 20 வருடம் ஆகிறது.

முறையாக ஊசி போட்ட எங்கள் நாயைத் தெருநாய் கடித்துவிட்டது.

காயத்தைக் கழுவுங்கள்: சோப்பு, ஓடும் தண்ணீர், 15 நிமிடம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடியில் அந்த நாயின் எச்சில் இருக்கும். உடனே ஒரு பூஸ்டர், ஒன்றரை மாதம் கவனிப்பு. ஊசியே போடாத நாயாக இருந்திருந்தால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து ஊசியும், பல மாதம் தனிமையும்.

பூஸ்டர் நாள் தவறி 5 மாதம் ஆகிறது.

நாளைக்கே ஒன்று போடுங்கள், 4 வாரத்தில் இன்னொன்று. முன்னது சரியான வயதில்தானே? ஸ்டிக்கர் இருக்கிறதா?

ஜெர்மனிக்கு மாறுகிறோம். ரேபிஸ் ஊசி இருக்கிறது, மைக்ரோசிப் போன வாரம்தான் போட்டோம். போதுமா? (கோவை)

வரிசை தலைகீழாகிவிட்டது. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி அவர்கள் கணக்கில் இல்லை. 15 இலக்க ஐஎஸ்ஓ சிப், அதற்குப் பிறகு ரேபிஸ் ஊசி, குறைந்தது 30 நாள் கழித்து ரத்த மாதிரி. ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புக்கொண்ட ஆய்வகத்தில் எதிர்ப்பணுக்களின் அளவு மில்லிக்கு 0.5 ஐயு-வுக்கு (சர்வதேச அலகு) குறையக் கூடாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. ஆக, இன்று ஊசி போட்டாலும் நான்கு மாதம். டிக்கெட்டை மாற்றுங்கள். அங்கே போன பிறகும் பூஸ்டர் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, தவறினால், இந்தியா வந்து திரும்பும்போது ரத்தப் பரிசோதனை மறுபடி முதலிலிருந்து.

உரிமக் கட்டணம் எவ்வளவு? (பெரம்பூர்)

ஆண்டுக்கு 50 ரூபாய். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் ரேபிஸ் ஊசியே இலவசம். காலையில் சீக்கிரம் போங்கள், கழுத்துப்பட்டையும் வாய்மூடியும் மறக்காமல்.